செலியமேட்டு மூலையில் ஒரு மயிலுள்ளான்

கூடு எங்கே இருக்கிறது என்று எங்கள் பறவைக் குழுவில் யாரும் வாய் திறக்கக் கூடாது. பறவையைப் பார்த்தேன் என்று சொல்லலாம், படம் போடலாம். ஆனால் கூடு, முட்டை, குஞ்சு என்று வந்துவிட்டால் ஊர் பெயரைச் சொல்லக் கூடாது. கூடு காலியான பிறகு சொல்லிக்கொள்ளலாம். பொரித்துப் போனாலும் காலிதான், காக்கை தின்றுவிட்டாலும் காலிதான். நான் இங்கே ஊர் பெயரைத் தலைப்பிலேயே போட்டுவிட்டேன். அப்படியானால் கூடு காலியாகிவிட்டது என்று குழுவில் இருப்பவர்களுக்குப் புரிந்திருக்கும். எப்படிக் காலியானது என்பதைச் சொல்கிறேன்.

நான் மண்ணாடிப்பட்டுக்காரி. சொந்த நிலம், சொந்த மோட்டார் கொட்டகை, பாதி கரும்பு, பாதி நெல். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் குழுவில் எல்லாரும் எழுதுவார்கள், நான் போனில் பேசி அனுப்புவேன். இதுவும் நான் பேசியதைக் கேட்டு எழுதியதுதான். காலையில் கரும்புக் கொல்லையில் எது கத்துகிறதோ அதையும் சேர்த்தே அனுப்பிவிடுவேன். "பாக்கியம்மா குரல் வந்தாத்தான் எங்களுக்கு விடியுது" என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். டீச்சர் எனக்கு அதைப் படித்துக் காட்டினார்.

டீச்சர் என்றால் வில்லியனூர் சுகுணா டீச்சர். என் கிணற்றுமேட்டுப் பனையில் தூக்கணாங்குருவிக் கூடு பார்க்க வந்தவர்தான் என்னைக் குழுவில் சேர்த்துவிட்டார். தை மாசக் கடைசியில் ஒரு நாள் போன் செய்தார்.

"பாக்கியம்மா, செலியமேட்ல உங்களுக்கு யாரையாவது தெரியுமா?"

"என் கூடப் பொறந்த தங்கச்சியே அங்கதான் வாக்கப்பட்டிருக்கு. இன்னா விஷயம்?"

"பேரு பூங்காவனமா?"

"ஆமா."

"அவங்கதாம்மா நேத்து எங்கள வரப்பைவிட்டுத் தொரத்தினாங்க."

விஷயம் இதுதான். பாகூர் ஏரிக்குப் பறவை பார்க்கப் போன டீச்சர், செலியமேட்டு வாய்க்கால் ரோட்டில் நடந்திருக்கிறார். ரோட்டோர நிலத்தின் மூலையில் கோரைப் புல் நடுவில் மயிலுள்ளான் முட்டையிட்டு அடைகாப்பதைப் பார்த்திருக்கிறார். மயிலுள்ளான் கூட்டை எங்கள் குழுவில் யாருமே பார்த்ததில்லை. அது விடியலிலும் அந்தியிலும்தான் நடமாடும், மற்ற நேரத்தில் புல்லோடு புல்லாக ஒளிந்துகொள்ளும். அந்த நிலத்துக்கு அறுப்பு மெஷின் வரப்போகிறது. மெஷின் ரோட்டைவிட்டுக் கழனியில் இறங்குகிற இடமே அந்த மூலைதான். மூலையை விட்டுவிடுங்கள் என்று கேட்கப் போனவர்களைத்தான் என் தங்கை விரட்டியிருக்கிறாள்.

"நீங்க அக்கா. நீங்க சொன்னா கேப்பாங்க இல்ல?"

"கேக்காம?" என்றேன்.

பூங்காவனம் பிறந்ததிலிருந்து நான் சொல்லி எதையும் கேட்டவள் இல்லை. ஆனால் அதை டீச்சரிடம் சொல்ல எனக்கு என்ன தலையெழுத்து? துணிப்பையில் இரண்டு புடவையும் ஒரு டப்பா அதிரசமும் எடுத்துக்கொண்டு மறுநாளே புறப்பட்டேன்.

எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் என் முகத்தைப் பார்த்தாலே ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுப்பார்கள். வில்லியனூரில் இறங்கி பாகூர் பஸ்ஸில் ஏறினால் நான் யாரோ. அங்கே ஒரு பெண் பக்கத்து சீட்டில் தன் கைப்பையை உட்கார வைத்திருந்தாள், எனக்காக அதை எடுக்கவில்லை. பசி வேறு. ஏறுவதற்கு முன்னால் ஸ்டாண்டுக் கடையில் இட்லிக்கு வடகறி கேட்டால் தனியாகக் கிண்ணத்தில் கொஞ்சூண்டு வைத்தார்கள். எங்கள் திருக்கனூர் கடையில் போதும் போதும் என்று கையை நீட்டி மறைத்தாலும் விரலிடுக்கில் ஊற்றுவார்கள்.

அந்த ரோடு ஒரு தினுசான ரோடு. கொஞ்ச தூரம் நம் பாண்டி, கொஞ்ச தூரம் தமிழ்நாடு, மறுபடியும் நாம். எல்லைக்கல்லைத் தேட வேண்டாம். பிராந்திக் கடை போர்டு வரிசையாக வந்தால் அது பாண்டி, போர்டு நின்றுவிட்டால் தமிழ்நாடு. வழியில் வயலில் இறங்கிய நத்தைகுத்தி நாரைகளுக்கு இந்தக் கணக்கு ஒன்றும் இல்லை. வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு நத்தை, அந்தப் பக்கம் ஒரு நத்தை என்று தின்றுகொண்டிருந்தன.

கரிக்கலாம்பாக்கம் தாண்டியதும் பஸ் டயர் பஞ்சர். எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். கண்டக்டரிடம் ஒருவன், "ஸ்டெப்னி இருக்காண்ணே?" என்று கேட்டதற்கு, "அதுதான்பா இப்ப பஞ்சர் ஆனது" என்றார். நான் ஒரு புளிய மரத்தடியில் நின்றேன். பக்கத்தில் மீன்கூடையோடு ஒரு பெண் நின்றாள். கூடைத் தண்ணீர் பஸ்ஸிலேயே என் புடவை ஓரத்தை நனைத்துவிட்டிருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தேன்.

"கோச்சிக்காதம்மா, தண்ணி இல்லனா மீனு கெட்டுப்பூடும்," என்றாள். "எந்த ஊருக்குப் போற?"

சொன்னேன். எதற்குப் போகிறேன் என்றும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"எங்க வூட்டுக்காரரு கடல்ல பறவ எங்க கும்பலா எறங்குதுன்னு பாத்துதான் படகத் திருப்புவாரு. அதுங்கதான் எங்களுக்கு வயி காட்டுது. ஒரு குருவிக்காவ இம்மாந்தூரம் வந்துகிறியே, நல்லா இரு."

புடவை நனைந்ததை அதோடு மறந்துவிட்டேன். அவளிடம் சங்கரா மீன் வாங்கினேன். பாகூர் மார்க்கெட்டுக்குப் போகிற குட்டியானை லோடு வண்டி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தியதும் அவள்தான். முன் சீட்டில் என்னை ஏற்றிவிட்டு, மூட்டைகளுக்கு நடுவில் கூடையோடு பின்னால் ஏறிக்கொண்டாள். பாகூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துச் செலியமேடு போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது.

தங்கை வீட்டில் அடுப்படியிலிருந்து வெளியே வந்தவர் ராஜாங்கம். பூங்காவனத்தின் வீட்டுக்காரர், எங்களுக்கு மாப்பிள்ளை. இடுப்பில் துண்டு, கையில் கரண்டி. முன்பு டவுனுக்கு வேலைக்குப் போனவர். வேலை போன பிறகு வீட்டோடு நின்றுவிட்டார். கழனி, கூலி ஆள், மெஷின், உர மூட்டை எல்லாம் பூங்காவனம் பார்க்கிறாள். சோறு, குழம்பு, மாடு, துணி எல்லாம் அவர். எங்கள் ஊரில் யாராவது மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டால், பயிர் வைக்கிறார் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

"வாங்கண்ணி. மீனு வாசன வருதே, சங்கராவா?" பையை வாங்கிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்து செதில் எடுக்க ஆரம்பித்துவிட்டார். தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்று எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

பூங்காவனம் இருட்டும் நேரத்தில் வந்தாள். "இன்னாக்கா, சொல்லாம கொள்ளாம வந்துகிற? யாராவது பூட்டாங்களா?"

சாப்பாடு முடியும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. மீன் குழம்பில் மாங்காய் போட்டிருந்தார் மாப்பிள்ளை. எங்கள் வீட்டுக் குழம்பைவிட நன்றாகவே இருந்தது. கை கழுவிய பிறகு சொன்னேன்.

"அந்தக் கும்பலு உன்ன அனுப்பிச்சா?" என்றாள். குரல் ஏறிவிட்டது. "இன்னிக்கு மூலைய வுடுன்னுவாங்க. நாளைக்கு மருந்து அடிக்காதேன்னுவாங்க. அப்பறம் இது குருவி எடம், ஏர் ஓட்டாதேன்னு போர்டு நட்டுட்டுப் போவாங்க. நெலத்த வெச்சினு நான் குருவிக்குச் சோறு ஊட்டினு இருக்கணுமா? உனுக்கு ரோட்டோரம் நெலம் இல்ல, அதான் பேசற."

"யாரும் வரமாட்டாங்கடி. எடத்த யாருக்கும் சொல்லக் கூடாதுன்றதுதான் எங்க சட்டம்."

"மெஷினு நாளக் கய்ச்சி வருது. மானம் மூட்டம் போடுது. நெல்லு படுத்துகிது. இந்த முறைய வுட்டா அப்பறம் அவன் எப்ப வருவானோ. வேற மூலைல எறக்கினா சேறு, வண்டி மாட்டிக்கும். நாலு முட்டைக்கு என் நெல்லு மொளைக்கட்டுமா?"

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்கும் நெல் உண்டு, எனக்குத் தெரியாதா? நான் அதிரச டப்பாவைத் திறந்து வைத்தேன். இரண்டு தின்றாள். ஒத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் விடியலில் டீச்சர் ஸ்கூட்டியில் வந்துவிட்டார். பூங்காவனம் பால் ஊற்றப் போயிருந்தாள். மாப்பிள்ளைதான் எங்களை அழைத்துப் போனார். பனி மூட்டத்தில் பாகூர் ஏரிப் பக்கம் கூழைக்கடாக்கள் கூட்டமாகச் சாய்ந்து இறங்கின. எங்கள் பக்கம் அவ்வளவு பெரிய பறவை வந்தால் ஊரே கூடிவிடும். இங்கே ஒருவரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ரோட்டிலிருந்தே பார்த்தோம். கோரைக்குள் பழுப்பும் சாம்பலுமாக, முதுகில் மஞ்சள் கோடு இழுத்த ஒரு பறவை பதுங்கி உட்கார்ந்திருந்தது. டீச்சர் விரலை நீட்டிக் காட்டியும் எனக்குத் தெரியவில்லை. அது கண்ணைச் சிமிட்டிய பிறகுதான் தெரிந்தது. அதற்குத் தள்ளி, வாய்க்கால் ஓரத்தில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. அப்பப்பா, என்ன நிறம்! கழுத்தும் மாரும் சுட்ட செங்கல் நிறம், கண்ணைச் சுற்றி வெள்ளையில் மை தீட்டின மாதிரி, தோளில் வெள்ளைப் பட்டை.

"பொட்ட உக்காந்துனு கெடக்குது, சேவலு மினுக்கினு திரியுது பாருங்க," என்றேன். "ஆம்பள புத்தி எங்கயும் ஒண்ணுதான்."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "தலகீழ் பாக்கியம்மா. அந்தக் கலர்தான் பொண்ணு. முட்டைய வெச்சதோட அது வேலை முடிஞ்சிது. அடைகாக்கறது, குஞ்சை வளக்கறது எல்லாம் இந்த ஆணுதான்."

"இது இன்னா அநியாயம்!" என்றேன். பக்கத்தில் மாப்பிள்ளை நின்றதால் மேலே பேசவில்லை.

அவர் அந்தப் பறவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் தெனம் இங்க பொன்னாங்கண்ணி பறிக்க வருவேன், அண்ணி. இது இங்க அடைல இருக்கறது எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். சொன்னா அவ சத்தம் போடுவா. அதான் கீரய அந்தாண்ட போய்ப் பறிச்சினு இருந்தேன்."

பிறகு டீச்சர் ஒரு காரியம் செய்தார். மனதார நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். மெஷின்காரருக்குக் கூடு இருக்கும் இடம் தெரிய வேண்டுமே என்று, முனையில் சிவப்பு ரிப்பன் கட்டிய மூங்கில் குச்சிகளை ஸ்கூட்டியில் கொண்டுவந்திருந்தார். கூட்டைச் சுற்றி ஊன்றிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார். நானும் நல்ல யோசனை என்றுதான் சொன்னேன்.

எங்கள் மண்ணாடிப்பட்டில் கழனியில் துணி கட்டின குச்சி இருந்தால் கீழே கல் இருக்கிறது, ஏர் பத்திரம் என்று அர்த்தம். இங்கே அப்படி இல்லை. இந்தப் பக்கம் பைபாஸ் ரோட்டுக்கு அளந்தவர்கள் இதே மாதிரி சிவப்புத் துணிக் குச்சி நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நட்ட நிலமெல்லாம் பிறகு ரோடாகிவிட்டது.

பூங்காவனம் கழனியிலிருந்து ஓடிவந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. மூச்சு வாங்கியது. "யாரு வந்து அளந்தது? யாரு? என்னக் கேக்காம எவன் குச்சி நட்டான்?" கையில் ஒரு குச்சியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

எங்கள் டீச்சர் என்றதும் அந்தக் குச்சியை என் காலடியில் எறிந்தாள். "நீ கூட்டினு வந்து காட்டின. அக்கான்னு வூட்ல சோறு போட்டேன். போ, உங்க ஊருக்குப் போ."

எனக்கு அப்போதே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடத் தோன்றியது. என் தங்கை என்னைப் போ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். கோபமில்லை, பயந்திருக்கிறாள். நிலம் போய்விட்டது என்று நினைத்து அவ்வளவு தூரம் ஓடிவந்திருக்கிறாள். தண்ணீர் சொம்பை எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக் குடித்தாள்.

அதற்குள் மாப்பிள்ளை மூலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். "குச்சி மேல காக்கா குந்திகினு இருந்திச்சி. ஒரு முட்டைய எடுத்துட்டுப் போயிடுச்சி," என்றார். "எல்லாக் குச்சியையும் புடுங்கிட்டேன்."

சாயங்காலம் டீச்சர் வந்தார். சொன்னோம். வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குக் கூட்டைத் தொடாதே, கிட்டே போகாதே என்று பாடம் சொன்ன பெண். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். திட்டுவதற்காகப் பூங்காவனம் வெளியே வந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். உள்ளே போய் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து ணங்கென்று பக்கத்தில் வைத்தாள்.

"ஒரு முட்டைக்கு இப்பிடி அயிதா மிச்சத்துக்கு இன்னா பண்ணுவ? குடி."

டீச்சர் மன்னிப்புக் கேட்டார். பூங்காவனம் அதைக் காதில் வாங்காமல், "அது இன்னா, ஆம்பள அடைகாக்குதாமே? அக்கா சொல்லிச்சி," என்று கேட்டாள். டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு விளக்கிச் சொன்னார். பூங்காவனம் அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தாள். "முட்டைய வெச்சிட்டு ஊர் மேயப் பூட்டாளா! குடுத்து வெச்சவ." பிறகு அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே மாப்பிள்ளை வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்று, மறுபடியும் தொடங்கியது.

"குச்சி வேணாம்," என்று அங்கிருந்தே சொன்னார். "நாளைக்கு மெஷினு வர்றப்ப நான் அந்த மூலைல குந்திக்கறேன். எதிர் மூலைல வரப்ப வெட்டி வயி பண்ணித் தர்றேன். அந்தப் பக்கம் எறக்கட்டும்."

"சோறு யாரு ஆக்குறது?" என்றாள் பூங்காவனம்.

"நீ ஆக்கு."

அவரை இவ்வளவு சத்தமாகப் பேசி நானும் கேட்டதில்லை. பூங்காவனம் எங்கள் எல்லாரையும் ஒரு முறை முறைத்தாள். "வண்டி மாட்டிச்சின்னா நான் பொறுப்பில்ல, பாத்துக்க," என்றாள். அது சம்மதம் என்று எனக்குத் தெரியும். எங்கள் அம்மாவும் அப்படித்தான் சம்மதிப்பாள்.

மெஷின் வருகிற நாள் காலையில் பூங்காவனம் சமைத்தாள். ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டிருந்தாள். டீச்சர் லீவு போட்டுவிட்டு வந்து அதைச் சொட்டு விடாமல் குடித்தார். மாப்பிள்ளை இருட்டோடு எழுந்து எதிர் மூலையில் வரப்பை வெட்டி, மட்டையும் மண்ணும் போட்டு இறக்கம் கட்டியிருந்தார். அது முடிந்ததும் கோரைக்குக் கொஞ்சம் தள்ளி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குந்திவிட்டார். பறவை எழுந்து போகவில்லை. கீரைக்காரர் என்று அடையாளம் தெரிந்திருக்கும்.

மெஷின்காரர் முருகையன் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். அவருடையது சக்கரத்துக்குப் பதில் செயின் ஓடுகிற வண்டி. இறக்கத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "ஏம்மா, எப்பவும் அந்த மூலையிலதானே எறக்குவோம். இதுல எறக்குனா பொதையும்."

"பொதைஞ்சா பாத்துக்கலாம், எறக்குப்பா," என்றாள் பூங்காவனம்.

இறக்கினார். இரண்டு சுற்று நன்றாகவே ஓடியது. மூன்றாவது சுற்றில் திரும்பும்போது ஒரு பக்கச் செயின் சேற்றில் அமுங்கிவிட்டது. வண்டி ஒருக்களித்து நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முருகையன் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரே வழிதான். மூக்கைப் பழைய மூலைப் பக்கம் திருப்பினா அங்க தரை கெட்டி. ஒரே தம்முல ரோட்டுக்கு ஏறிடும். அந்தப் பெரியவரை எந்திரிக்கச் சொல்லுங்க," என்றார்.

எழுந்திரிக்கச் சொல்லி யாரும் குரல் கொடுப்பதற்குள் முருகையன் வண்டியில் ஏறி முறுக்கினார். மெஷின் உறுமிக்கொண்டு கோரைப் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் அது நடந்தது. கூட்டிலிருந்த பறவை எழுந்து நின்றது. பறந்துபோகப் போகிறது என்று நினைத்தேன். போகவில்லை. இரண்டு இறக்கையையும் முன்பக்கமாக முறம் மாதிரி விரித்து, வாலை நிமிர்த்தி, மெஷினைப் பார்த்துச் சீறியது. இறக்கை முழுக்கப் பொன்னிறத்தில் வட்டம் வட்டமாகக் கண்கள். அத்தனை நாள் சாம்பலாகப் பதுங்கிக் கிடந்தது இதுவா என்று ஆகிவிட்டது எனக்கு.

முருகையன் இன்ஜினை நிறுத்திவிட்டார். சத்தம் நின்றதும் காது அடைத்துக்கொண்டது. "என்னாங்க இது," என்றார், "என் வண்டிகூடச் சண்டைக்கு வருது!"

எல்லாரும் பூங்காவனத்தைத்தான் பார்த்தோம். நெல் பாதிக்குமேல் நிற்கிறது. மழை வருகிறது. அந்த மூலை வழியாக ஏறினால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். அவள் வானத்தைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள். மூலையில் ஒரு பக்கம் இறக்கையை விரித்துக்கொண்டு அது, ஒரு பக்கம் துண்டைப் போட்டுக்கொண்டு அவர். இரண்டும் அசைவதாக இல்லை.

"வைக்கப்போரப் பிரி," என்றாள். "மாட்டுக்கொட்டாய்ப் பலகையக் கயட்டி எடுத்துனு வா."

பிறகு ஒருவரும் நிற்கவில்லை. டீச்சர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வைக்கோல் சுமந்தார். நான் சுமக்கவில்லை, என் முழங்காலுக்கு அது ஆகாது. வரப்பில் நின்று எங்கே போடுவது என்று சொன்னேன். ஒருவரும் நான் சொன்னபடி போடவில்லை. செயினுக்கு அடியில் வைக்கோலும் பலகையும் போட்டு, முருகையன் முறுக்க, வண்டி முக்கி முனகி, பலகை ஒன்றைப் பிளந்துகொண்டு வந்த வழியே மேலே ஏறியது. பிறகு அந்தச் சேற்றை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை அறுத்தார். மூலையில் ஒரு பாய் அகலத்துக்குப் பயிரும் கோரையும் நின்றன.

கடைசி நடை நெல்லை ரோட்டில் கொட்டி தார்ப்பாய் போடும்போது மழை பிடித்துக்கொண்டது. கொஞ்சம் நனைந்துவிட்டது. பூங்காவனம் நனைந்த நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தாள், கீழே போட்டாள். மூலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாப்பிள்ளை மழையிலும் எழுந்து வராததால் குடையை எடுத்துக்கொண்டு போனவள் அவள்தான். தூரத்திலிருந்து பார்த்தேன். குடையை அவர் கையில் கொடுத்தாள். பிறகு அவளும் பக்கத்தில் குந்தினாள்.

மறுநாள் காலையில் நான் ஊருக்குக் கிளம்பினேன். மாப்பிள்ளை பொன்னாங்கண்ணிக் கட்டு ஒன்று பையில் வைத்தார். பஸ் இந்தத் தடவை பஞ்சராகவில்லை. வில்லியனூரில் ஜன்னல் சீட்டும் கிடைத்தது. எங்கள் பஸ்ஸில் ஒரு பெண், "தங்கச்சி வூட்டுக்காரரு நல்லா இருக்காரா? இன்னா பண்றாரு?" என்று கேட்டாள்.

"அடைகாத்துனு இருக்காரு," என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

குழுவில் எல்லாரும் என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மயிலுள்ளான் அடையில் இருக்கிறது என்று மட்டும் பேசி அனுப்பினேன். வேறொன்றும் சொல்லவில்லை.

பூங்காவனம் தானாக எனக்குப் போன் செய்ய மாட்டாள். நான்தான் செய்ய வேண்டும். ஆனால் மாசி பிறந்து ஒரு காலையில் அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, பொரிச்சிடுச்சி. மூணும். பஞ்சு மாரி இருக்குது. அவந்தான் முன்னாடி போறான், அதுங்க பின்னாலயே ஓடுதுங்க. வாய்க்காலத் தாண்டி அந்தாண்ட கோரைக்குப் பூட்டுதுங்க."

"கலர்காரி வந்தாளா?"

"அவ எங்க வந்தா! எங்க கீறாளோ." சிரித்தாள். பிறகு, "டீச்சரம்மாக்கிட்ட சொல்லிடு. அயிவப் போவுது."

"மாப்ளகிட்ட குடு, பேசறேன்."

"அவரு இங்க எங்க இருக்காரு? கய்னிலதான் இருக்காரு. கூடுதான் காலியாயிடுச்சே, வான்னா வரல. இன்னும் அங்கயே குந்தினு இருக்காரு. சரிக்கா, வெச்சிட்றேன். அடுப்புல சோறு கொயையுது."

ஆகையால் கூடு காலி. சட்டப்படி இப்போது நான் இடத்தைச் சொல்லலாம். செலியமேடு, வாய்க்கால் ரோடு, என் தங்கை பூங்காவனத்தின் நிலம், அறுக்காமல் விட்ட மூலை. பாகூர் ஏரிக்குப் போகிறவர்கள் அந்த வழியாகப் போனால், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கே ஒருவர் குந்தியிருப்பார். அவர் எங்கள் மாப்பிள்ளை. கிட்டே போக வேண்டாம், குரல் கொடுக்க வேண்டாம். ரோட்டிலிருந்தே பார்த்துவிட்டுப் போங்கள்.